சூட்டை நினைத்து விட்ட இடுக்கு

பிஸ்டன் ரிங் முழு வளையம் இல்லை. ஓரிடத்தில் வெட்டி விடப்பட்டது. உதிரிபாகக் கடையில் உறையைப் பிரித்து எடுக்கும்போது அந்த வெட்டுவாய் விரல் நுழையும் அளவுக்கு விரிந்து நிற்கும். சிலிண்டருக்குள் அமுக்கி வைத்தால் வாய் நெருங்கி வந்து, கால் மில்லிமீட்டர் இடுக்காகச் சிறுத்துப்போகும். அதற்கு மேல் மூடாது, மூடவும் விடக்கூடாது. வாயு கசியாமல் அடைப்பதற்கென்றே செய்த பொருளில் வேண்டுமென்றே ஓர் இடுக்கை விட்டு வைத்திருக்கிறார்கள். இன்ஜினைப் பிரித்து ரிங் மாற்றும்போது நல்ல மெக்கானிக் எந்த வேலையில் அவசரப்பட்டாலும் இந்த இடுக்கை அளப்பதில் அவசரப்பட மாட்டார்.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில், வெள்ளாற்றை ஒட்டி இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. கரும்பும் நெல்லும் விளையும் பக்கம். இந்த மாதிரி ஊர்களின் சாலையோரப் பட்டறைகளுக்கு டிராக்டர் வரும், சிறிய சரக்கு வண்டிகள் வரும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மாருதி 800 கார்களும் வரும். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த அந்த மாருதியையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 68.5 மி.மீ. பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடும் தூரம் 72 மி.மீ. இவ்வளவு சிறிய உருளைக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால், ஒவ்வொரு பிஸ்டனும் அந்த ஒரு நிமிடத்தில் 432 மீட்டர் ஓடுகிறது. ஒரே திசையில் ஓடவும் இல்லை. நொடிக்கு நூறு முறை நின்று, திரும்பி, மறுபடி ஓடுகிறது. பெட்ரோல் எரியும் கணத்தில் அதன் தலைக்கு மேலுள்ள வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நன்றாக மிதித்து ஓட்டும்போது பிஸ்டன் தலையை ஏறக்குறைய ஒன்றரை டன் எடை அழுத்துகிறது. பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. 600 டிகிரிகூடத் தாங்காமல் உருகிவிடும். ஆனாலும் உருகுவதில்லை. தீ எரியும் நேரம் மிகக் குறைவு என்பது ஒரு காரணம். தலையில் ஏறும் சூட்டில் பெரும்பங்கு ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போய், அங்கிருந்து ரேடியேட்டர் தண்ணீருக்குப் போய்விடுவது மற்றொரு காரணம். அடைப்பது, ஆயிலை வழித்து இறக்குவது, சூட்டை வெளியே கடத்துவது என்று ஒரு மெல்லிய இரும்பு வளையம் மூன்று வேலை பார்க்கிறது.

ரிங் எப்படி அடைக்கிறது என்பதுதான் எனக்கு இதில் ஆகப்பெரிய வியப்பு. அது தன் விறைப்பாலேயே சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்த விறைப்பின் அழுத்தம் ஒன்றிரண்டு பாருக்கு மேல் கிடையாது. எரியும் வாயுவின் அழுத்தமோ 40 பார் வரை போகிறது. ஒன்றை வைத்து நாற்பதை எப்படித் தடுப்பது? பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளம் ரிங்கைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலமாக வெட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சந்து வழியாக வாயு இறங்கி, ரிங்கின் முதுகுப்பக்கம் போய் நிற்கிறது. அங்கிருந்து ரிங்கைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூட ரிங் இன்னும் இறுக்கமாகச் சுவரோடு ஒட்டுகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே தன் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது. ரிங்கின் சொந்த விறைப்பு அந்தக் கதவை முதலில் ஒருக்களித்து வைப்பதற்கு மட்டுமே.

இந்த யோசனை வருவதற்கு முன் மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1712-இல் நியூகோமன் செய்த நீராவி எந்திரத்தில் பிஸ்டனைச் சுற்றித் தோல் கட்டி, மேலே தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஜேம்ஸ் வாட் சணலைத் திரித்து, மாட்டுக் கொழுப்பு தடவித் திணித்தார். அவருடைய எந்திரம் உருப்படியாக ஓடியதற்கு ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் சிலிண்டரைச் சரியாகக் குடைந்து கொடுத்ததும் பெரிய காரணம். ஐம்பது அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்கு மேல் பிசகு இல்லை என்று வாட்டின் பங்காளி போல்டன் பூரித்துப்போனார். இன்றைய கணக்குக்கு அந்தப் பிசகு பல இன்ஜின்களைக் கொன்றுவிடும். வெட்டுவாய் உள்ள உலோக வளையத்தை ரயில் இன்ஜின் பிஸ்டனில் மாட்டி, அதன் பலனை 1854-இல் இங்கிலாந்தின் எந்திரவியல் பொறியாளர் கழகத்தில் எடுத்துச் சொன்னவர் ஜான் ராம்ஸ்பாட்டம். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல், டீசல் கார் ஒவ்வொன்றிலும் அவர் யோசனைதான் ஓடுகிறது.

நம் பக்கத்தில் பிஸ்டன் வெகுகாலம் கப்பலில் வந்த பொருள். சிம்ப்சன் கம்பெனியை நடத்திய எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1949-இல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கினார். சுதந்திரம் வாங்கி இரண்டே ஆண்டு. காரையே முழுதாகச் செய்யாத நாட்டில் காரின் மிக நுட்பமான உறுப்பைச் செய்யத் துணிந்தது சாதாரணக் காரியம் இல்லை. 1991-இல் அதே குழுமத்திலிருந்து ரிங்குக்கென்றே மறைமலைநகரில் ஐபி ரிங்ஸ் வந்தது. தொழில்நுட்பம் ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங் நிறுவனத்துடையது. நம் ஊர் டிராக்டர்களில் பலவற்றில் சிம்ப்சன் இன்ஜின் இருப்பதால், வரப்பில் நிற்கும் வண்டிக்கும் செம்பியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

இனி வேலைக்கு வருவோம். வண்டி ஆயில் குடிக்கிறது, மிதித்தால் நீலப்புகை தள்ளுகிறது, மேடு ஏறத் திணறுகிறது என்று ஒருவர் காரைக் கொண்டு வருகிறார். மெக்கானிக் முதலில் ஸ்பானரைத் தொடுவதில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார். அதன் வழியே புகை குபுகுபுவென்று வந்தால், "பேக் கம்ப்ரஷன் தள்ளுதுண்ணே, ரிங்கு போயிடுச்சு" என்பார். மேலே இருக்க வேண்டிய வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

இதை உறுதிசெய்ய ஓர் அழகான சோதனை இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தமானியை வைத்து, இன்ஜினைச் சுற்றவிட்டு அளவைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதே ஓட்டை வழியாக ஒரு கரண்டி ஆயிலை ஊற்றி மறுபடி அளப்பார்கள். அளவு நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கில். ஊற்றிய ஆயில் ரிங்கைச் சுற்றி நின்று, கொஞ்ச நேரத்துக்குக் கசிவை அடைத்திருக்கிறது. ஏறவில்லை என்றால் கசிவு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது; ஆயில் அங்கே போய் நிற்காது. எந்த மின்னணுக் கருவியும் இல்லாமல், ஒரு கரண்டி ஆயில் இன்ஜினைத் திறக்காமலேயே நோயைச் சொல்லிவிடுகிறது.

நோய் தெரிந்த பிறகு பேட்டரி இணைப்பை எடுத்து, தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, டைமிங் பெல்ட்டை அவிழ்த்து, ஹெட்டை இறக்குவார்கள். கீழே ஆயில் சம்பைக் கழற்றுவார்கள். சிலிண்டர் வாயைத் தடவிப் பார்த்தால், உச்சிக்குச் சற்றுக் கீழே நகத்தில் தட்டுப்படும் ஒரு விளிம்பு இருக்கும். ரிங் ஏறாத இடம் தேயாமல் நிற்க, ரிங் ஏறி இறங்கிய இடம் தேய்ந்துபோனதால் உண்டான படி அது. அதைச் சுரண்டி எடுக்காமல் பிஸ்டனை மேலே தள்ளினால் ரிங் மாட்டிப் பள்ளத்தின் உதடு உடையும். பிறகு கனெக்டிங் ராடின் கீழ் மூடியை அவிழ்த்து, அதன் போல்ட்டுகளில் சின்ன ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகுவார்கள். அந்தப் போல்ட் நுனி கிராங்க் ஷாப்ட்டில் ஒரு கீறல் போட்டால் போதும், பேரிங்குக்கு ஆயுசு குறைந்துவிடும். அப்புறம் சுத்தியலின் மரக்காம்பால் அடியிலிருந்து தட்டினால் பிஸ்டன் மேல்வாய் வழியாக வெளியே வரும். எது எந்தச் சிலிண்டர், எந்த முகம் முன்பக்கம் என்று அடையாளம் போட்டு வரிசையாக அடுக்கி வைப்பார்கள். ராடும் அதன் மூடியும் ஒன்றாகப் பூட்டிக் குடையப்பட்டவை. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது.

வெளியே வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்தால் அது வட்டமாக இல்லை என்பது தெரியும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் செருகும் திசையில் சற்றுக் குறுகல், அதற்குக் குறுக்கே சற்று அகலம். தலைப்பக்கம் சிறுத்தும், கீழே பாவாடை எனப்படும் பக்கம் பருத்தும் இருக்கும். தேய்மானத்தால் வந்த கோணல் இல்லை. புதுப் பிஸ்டனும் அப்படித்தான். அலுமினியம் நூறு டிகிரி சூடேறினால் 68.5 மி.மீ. விட்டம் சுமார் 0.14 மி.மீ. கூடும். சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதே சூட்டில் ஏறக்குறைய பாதிதான் விரியும். போதாததற்குப் பிஸ்டனின் தலை 250 டிகிரியை ஒட்டிச் சூடாகிறது. பாவாடை அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருக்கிறது. பின்னைத் தாங்கும் பக்கம் உலோகம் தடிப்பு என்பதால் அங்கே விரிவும் அதிகம். எங்கே எவ்வளவு விரியும் என்று கணக்கிட்டு அந்தந்த இடத்தில் அவ்வளவு குறைத்துக் கடைந்திருக்கிறார்கள். இன்ஜின் சூடான பிறகுதான் பிஸ்டன் வட்டமாகிறது.

விருத்தாசலத்தின் செராமிக் தொழில்பேட்டையில் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தந்திரம் புதிதாக இருக்காது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. களிமண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் பொம்மையானாலும் மின்கம்பத்துக் கப்பானாலும் அச்சை வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே செய்கிறார்கள். சூளைக்காரர் சுருங்குவதை நினைத்துப் பெரிதாக்குகிறார். பிஸ்டன் செய்பவர் விரிவதை நினைத்துச் சிறிதாக்குகிறார்.

ரிங்கின் இடுக்குக்கும் அதே கணக்குதான். அளக்கும் முறையைப் பாருங்கள். புது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதைக்கொண்டு ரிங்கை உள்ளே தள்ளுவார்கள். கையால் தள்ளினால் ரிங் சாய்ந்து நிற்கும், அளவு பொய் சொல்லும். பிஸ்டனின் தட்டையான தலை தள்ளினால் ரிங் நேராக உட்காரும். பிறகு பிலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக இடுக்கில் நுழைத்துப் பார்ப்பார்கள். 0.25 போகிறது, 0.30 போகவில்லை என்றால் இடுக்கு இரண்டுக்கும் நடுவில். பொதுவாக நூறு மி.மீ. விட்டத்துக்கு 0.4 மி.மீ. வரை விடலாம் என்பது பட்டறைக் கணக்கு; கம்பெனி கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

மாருதி ரிங்கின் சுற்றளவு சுமார் 215 மி.மீ. அது 150 டிகிரி கூடுதலாகச் சூடானால் நீளம் 0.35 மி.மீ. கூடும். சுவரும் நூறு டிகிரி சூடாகிக் கொஞ்சம் விரிந்து இடம் கொடுப்பதால், இடுக்கில் 0.12 மி.மீ. அளவுதான் மூடும்; மீதி திறந்தே இருக்கும். ஆனால் விடிகாலையில் குளிர்ந்து கிடந்த வண்டியை எடுத்தவுடன் மிதித்தால், ரிங் முந்திச் சூடேறும், தண்ணீர் சூழ்ந்த சுவர் பிந்தும். மிச்ச இடம் அந்த நேரத்துக்குத்தான். இடுக்கு போதாமல் இரு முனைகளும் முட்டிக்கொண்டால் ரிங்குக்கு நீள வழியில்லை. சுவரைக் குத்திக் கீறும், அல்லது முறியும். இடுக்கு கொஞ்சம் கூடிப்போனால் சிறிது வாயு கசியும், அவ்வளவுதான். இந்த வேலையில் குறைவதைவிடக் கூடுவது மேல். குறைவாக இருந்தால் முனையை மெல்லிய அரத்தால், வெளியிலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் அராவிச் சரிசெய்வார்கள்.

அந்த இடுக்குக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. சிலிண்டர் விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்து அகன்றால், இடுக்கு 0.31 மி.மீ. கூடும். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல 3.14 மடங்கு என்று பள்ளியில் படித்தோமே, அதே பை இங்கே தேய்மானத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் தகடு நுழையும் இடுக்காக விரிகிறது. ஒரே ரிங்கைச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் வைத்து ஒருமுறையும் உச்சிக்குக் கீழே தேய்ந்த இடத்தில் வைத்து ஒருமுறையும் அளந்து, வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வந்துவிடும். விலை கூடிய அளவுகோல் இல்லாத பட்டறைக்கு ரிங்கே அளவுகோல்.

தேய்மானம் உச்சியில் அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ரிங் ஓடும்போது அதற்கும் சுவருக்கும் நடுவே ஆயில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுக்கு, படலமாக நிற்கிறது. ஓட்டம்தான் படலத்தை நிறுத்துகிறது. உச்சியில் பிஸ்டன் நின்று திரும்பும் கணத்தில் ஓட்டம் இல்லை. சூடும் அழுத்தமும் அங்கேதான் மிகுதி. அங்கே உலோகமும் உலோகமும் உரசுகின்றன. இத்தோடு தூசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மணலின் குவார்ட்ஸ், வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஆற்று மணலும் அறுவடை வயலின் புழுதியும் பறக்கும் பக்கத்தில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யாமல் ஓட்டுவது, சிலிண்டருக்குள் உப்புத்தாளை விட்டு ஓட்டுவதற்குச் சமம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ரிங்குகளுக்குக் கதிரியக்கம் ஏற்றி, இன்ஜினை ஓட்டி, ஆயிலில் கலந்த கதிரியக்கத் துகளை எண்ணியே தேய்மானத்தை அளந்தார்கள். இன்ஜினைப் பிரிக்காமலே, எந்த ஓட்டத்தில் எவ்வளவு தேய்கிறது என்று அதில் தெரிந்துகொள்ள முடிந்தது.

தேய்மானம் அளவுக்குள் இருந்தால் சுவரை ஹோனிங் செய்து புது ரிங் போட்டால் போதும். மீறியிருந்தால் பிளாக் லேத் பட்டறைக்குப் போகும். அங்கே போரிங் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற ரிங்கும் போடுவார்கள். தேய்ந்து நீள்வட்டமான சிலிண்டரில் புது ரிங்கை மட்டும் மாட்டிக் காசை மிச்சம் பிடிப்பது நல்ல யோசனை இல்லை. ரிங் வட்டம், சுவர் வட்டமில்லை. சில மாதத்தில் பழைய புகையே திரும்பி வரும்.

ஹோனிங்கில் சுவர் பளபளப்பாவதில்லை, வேண்டுமென்றே கீறப்படுகிறது. கல் சுற்றிக்கொண்டே மேலும் கீழும் போவதால் கீறல்கள் 45 முதல் 60 பாகை கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிப் பாய் முடைந்தது போல விழும். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்குகிறது. கண்ணாடி போல வழுவழுப்பான சுவரில் ஆயில் நிற்காது. அந்தக் கல்லும் பெரும்பாலும் செராமிக்தான். சிலிக்கன் கார்பைடு மணிகளைக் களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் கலந்த பசையில் பிடித்துச் சூளையில் வேகவைத்தது. பீங்கானுக்கும் அதே களிமண், அதே பெல்ட்ஸ்பார். நம் மாநிலத்தில் இவ்வகைச் சாணைக்கற்களை 1954-இல் தொடங்கப்பட்ட, முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் செய்து வருகிறது. ஹோனிங் முடிந்த சிலிண்டரைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும். டீசலில் மட்டும் கழுவினால் கல்துகள் கீறலுக்குள்ளேயே தங்கிவிடும். புது ரிங்கை முதல் நாளே அது தின்னத் தொடங்கும்.

பீங்கானைப் பற்றிப் பேசும்போது, மொத்த இன்ஜினையும் அதிலேயே செய்துவிடலாமே என்று ஒரு காலத்தில் தீவிரமாக முயன்றதையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் அமெரிக்க ராணுவமும் கம்மின்ஸ் நிறுவனமும் சேர்ந்து, ரேடியேட்டரே இல்லாத டீசல் இன்ஜினை லாரியில் ஓட்டிக் காட்டினார்கள். சூட்டை வெளியே விடாமல் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் செராமிக் காப்பு. ஜப்பானில் இசுசுவும் இதில் இறங்கியது. கனவு பெரிது, ஆனால் சுவர் அவ்வளவு சூடானால் ரிங்குக்கு வேண்டிய ஆயில் கருகிவிடுகிறது. உள்ளே வரும் காற்றும் சூடேறி விரிவதால் குறைவாகவே நுழைகிறது. சூட்டைத் தாங்கும் பீங்கான் அதிர்ச்சியைத் தாங்கவில்லை. இன்று செராமிக் இன்ஜினுக்குள் வேறு வழிகளில் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளை உடம்பு அலுமினா. பல ரிங்குகளின் முகத்தில் குரோமியம் நைட்ரைடு மெல்லிய பூச்சாக இருக்கிறது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூடும் செராமிக்தான். ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் அந்தத் தேன்கூட்டில் படிந்து அதை வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடும்.

பூட்டும் வேலை பிரிப்பதைவிட நிதானம் கேட்கிறது. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் மூன்று ரிங்: முதலில் அடியிலுள்ள ஆயில் ரிங், பிறகு இரண்டாவது, கடைசியாக மேல் ரிங். ரிங்கில் புள்ளியோ எழுத்தோ இருந்தால் அந்த முகம் மேலே பார்க்க வேண்டும். இரண்டாவது ரிங்கின் முகம் சற்றுச் சாய்வாகக் கடையப்பட்டது. இறங்கும்போது ஆயிலை வழிக்கும். தலைகீழாகப் போட்டால் ஆயிலை மேலே ஏற்றிவிடும், புது இன்ஜின் புகை தள்ளும். மூன்று இடுக்குகளும் ஒரே நேர்கோட்டில் வராதபடி 120 பாகை விலக்கி வைப்பார்கள். ஓடும்போது ரிங்குகள் பள்ளத்துக்குள் மெல்லச் சுழலவும் செய்கின்றன. வைத்த இடத்திலேயே நிற்காவிட்டாலும், முதல் ஓட்டத்தில் கசிவுக்கு நேர்வழி கிடைக்காமல் இருக்க இந்த விலக்கு தேவை. ஆயில் தடவி, பட்டையால் ரிங்குகளை இறுக்கி, அதே மரக்காம்பால் மெல்லத் தட்டி இறக்குவார்கள். எங்காவது தடங்கினால் பலமாக அடிக்கக் கூடாது. ரிங் வெளியே துள்ளியிருக்கிறது என்று அர்த்தம். எடுத்து மறுபடி இறுக்க வேண்டும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் உரிமையாளர் செய்யும் பெரிய தவறு, புது ரிங்காயிற்றே என்று ஐடிலில் மணிக்கணக்காக ஓடவிடுவது. வாயுவின் அழுத்தம்தான் ரிங்கைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கிறது. சும்மா ஓடும் இன்ஜினில் அந்த அழுத்தம் போதாது. ரிங் சுவரின் கீறல் முனைகளைச் சீவித் தனக்கேற்ற இடத்தைப் பிடிப்பதற்குள், ஆயில் கருகிச் சுவரில் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ரிங் எக்காலத்திலும் உட்காராது. முழு மிதியும் வேண்டாம், முழுச் சோம்பலும் வேண்டாம். விருத்தாசலம் வரைக்கும் போய் வாருங்கள். நடுத்தர வேகத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், அவ்வப்போது கொஞ்சம் அழுத்தி மிதித்தும் ஓட்டுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். சீவிய இரும்புத்தூள் அதில்தான் கிடக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் மறுபடி அளந்து, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வருகிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.